போதை என்கிறீர்கள், அளவு எங்கே?

நள்ளிரவு கடந்த நேரம். கேரளத்தில் கருங்கல் இறக்கிவிட்டுக் களியக்காவிளை வழியாகத் திரும்பும் காலி லாரி ஒன்று, குழித்துறை தாண்டி மார்த்தாண்டம் மேம்பாலத்தை நெருங்குகிறது. போலீஸ் கைகாட்டுகிறது. டிரைவரின் கண்கள் சிவந்திருக்கின்றன, நாக்கு குழறுகிறது. கருவியை வாயில் வைத்து ஊதச் சொல்லுகிறார்கள். ஊதுகிறான். கருவி ஒன்றும் காட்டவில்லை. "ஒறக்கம் இல்ல சாரே, குடிக்கல்ல" என்கிறான் அவன். "அப்போ மாத்திரை போட்டிருப்பே" என்கிறார் கைகாட்டியவர்.

குமரி மாவட்டத்து நெடுஞ்சாலையில் வண்டியோட்டும் தோழர்களைக் கேட்டால், இப்படி ஒரு இரவையாவது சொல்லாதவர் குறைவு. அந்தச் சொல்லோடு விவகாரம் முடிந்துவிடுவதில்லை. மறுநாள் முதலாளி அதையே சொல்லுகிறார். விபத்து நடந்திருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதையே சொல்லுகிறது. "போதையில் இருந்தான்!" என்ன போதை? எந்த மருந்து? இரத்தத்தில் எவ்வளவு? கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை.

சாராயத்துக்கு அளவு உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம் என்று வரையறுத்திருக்கிறது. 29 இருந்தால் வீட்டுக்குப் போகலாம். 31 இருந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நியாயமோ அநியாயமோ, கோடு ஒன்று கிழித்திருக்கிறார்கள். அதே பிரிவின் அடுத்த வாக்கியத்தைப் படியுங்கள். வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு "மருந்தின் பிடியில்" இருந்தால் குற்றம் என்கிறது. எந்த அளவுக்கு? எண் இல்லை. தண்டனை மட்டும் இரண்டுக்கும் ஒன்று. 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் குற்றத்துக்கு அபராதத்தை 10,000 ரூபாய் ஆக்கினார்கள். ஆறு மாதம் வரை சிறை என்பதையும் வைத்துக்கொண்டார்கள். அபராதத்துக்கு எண் போடத் தெரிந்த பார்லிமெண்டுக்கு மருந்துக்கு எண் போடத் தோன்றவில்லை!

இது லாரிக்காரர்களின் பாடு மட்டும்தானே என்று ரப்பர் பால் வெட்டும் தோழரோ, கல்குவாரித் தோழரோ, கொத்தனாரோ நினைத்துவிட வேண்டாம். வேலையிடத்து விபத்துக்கு நஷ்டஈடு தரும் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத காயம், தொழிலாளி குடியின் அல்லது மருந்தின் பிடியில் இருந்ததாலேயே நேர்ந்ததென்றால், முதலாளி நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பது அந்த விதி. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரன் எழுதிய எத்தனையோ சட்டங்களைப் பழசு என்று தூக்கியெறிந்தவர்கள், இந்த ஒரு வரியை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். விரல் இழந்தவனும் கால் முறிந்தவனும் நஷ்டஈடு கேட்டு நிற்கும்போது, "இவன் மாத்திரை போடுகிறவன்" என்ற ஒரே வார்த்தை எதிரே வந்து நிற்கிறது. மெய்ப்பிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அளவே எடுக்காத இடத்தில் மெய்ப்பிப்பது எப்படி? சாட்சி சொல்ல ஒரு மேஸ்திரி கிடைத்தால் போதும் என்ற நிலைமையைத்தான் நாம் பார்க்கிறோம்.

அளப்பது முடியாத காரியமா? முடியும். ஆனால் சாராயத்தை அளப்பது போல அல்ல. இந்த வித்தியாசத்தைத் தோழர்கள் தெரிந்துகொள்வது அவசியம். தெரியாதவனைத்தான் வாய்ச்சொல்லால் மடக்குகிறார்கள்.

சாராயம் ஆவியாகும் பொருள். இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வந்து மூச்சோடு வெளியே போகும். ஆகவே ஊதினால் தெரிகிறது. தூக்க மாத்திரை மூச்சில் அப்படி வராது. அளவும் மிக மிகச் சிறியது. சட்டம் சொல்லும் சாராய அளவை லிட்டருக்குக் கணக்கிட்டால் 300 மில்லிகிராம். அல்பிரசோலம் என்ற தூக்க மருந்தை டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறவரின் இரத்தத்தில், லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு! இதை ரோட்டோரத்தில் நின்று மோந்து பார்த்துச் சொல்ல முடியுமா? இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, ஒவ்வொன்றின் நிறையையும் பார்த்து அடையாளம் காணும் பெரிய கருவிகள் வேண்டும். அதை இயக்கத் தெரிந்த ரசாயன நிபுணரும் வேண்டும்.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகள் கடையில் விற்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். விற்கின்றன. விலையும் குறைவு. அந்தப் பட்டை இரண்டு வகையில் ஏமாற்றும். லோரசிபாம், குளோனசிபாம் போன்ற சில தூக்க மருந்துகளை அது பல நேரங்களில் பிடிக்காது. மறுபக்கம், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் போன்ற வேறொரு மாத்திரையைச் சாப்பிட்டவனையும் தூக்க மருந்து தின்றவன் என்று காட்டிவிடக்கூடும். கருவி கொண்டு உறுதிசெய்யாமல் பட்டையை மட்டும் நம்பி ஒருவனைக் குற்றவாளியாக்குவது, சோழி உருட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்குச் சமானம்.

பட்டை சரியாகவே சொன்னாலும் அது சொல்வது பழைய கதை. சிறுநீரில் மருந்தின் கழிவு இருக்கிறதென்றால், என்றோ சாப்பிட்டான் என்று பொருள். விபத்து நடந்த நிமிஷத்தில் மயக்கத்தில் இருந்தான் என்று பொருளல்ல. உள்ளே போன அல்பிரசோலம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். டயசிபாமுக்கு ஒரு நாளிலிருந்து இரண்டு நாள். அது உடம்பில் மாறி உண்டாகும் பொருள் அதற்கு மேலும் தங்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு பல்வலியோடு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுத் தூங்கியவனின் சிறுநீர், வியாழக்கிழமைகூட அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடும். அந்த நேரத்து நிலைமையைச் சொல்லக்கூடியது இரத்தம்; அதுவும் சில மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தம்.

இரத்தத்திலுள்ள எண்ணும் எல்லோருக்கும் ஒன்றாகப் பேசாது. வலிப்பு நோய்க்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்களே பீனோபார்பிட்டோன் மாத்திரை, அதுவும் தூக்க மருந்து இனத்தைச் சேர்ந்ததுதான். நோய் அடங்கியிருக்க வேண்டுமென்றால் லிட்டர் இரத்தத்தில் 15 முதல் 40 மில்லிகிராம் வரை அது இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுப் பழகியவர் அந்த அளவோடு நடப்பார், பேசுவார், செங்கல் சூளையில் வேலையும் செய்வார். பழக்கமில்லாதவனுக்கு அதே அளவு ஏறினால் தள்ளாடுவான். நோயாளி ஒருவரின் சிகிச்சையைப் போதை என்று எழுதிக் கூலியைப் பறிப்பதைவிட ஈனச்செயல் வேறு உண்டோ?

அளக்கும் வித்தை நேற்று வந்ததல்ல. ஹாலிவுட் நடிகை மரிலின் மன்றோ 1962 ஆகஸ்டில் இறந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ரசாயனக்கூடம் அவர் இரத்தத்தை அளந்தது. 100 மில்லியில் பென்டோபார்பிட்டால் 4.5 மில்லிகிராம், குளோரல் ஹைட்ரேட் 8 மில்லிகிராம் என்று சொன்னது. கல்லீரலில் 13 மில்லிகிராம் என்றும் சொன்னது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த எண்களை வைத்து உலகம் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரு நடிகைக்குக் கிடைத்த மூன்று எண்கள், இறந்துபோன எத்தனை பாட்டாளிக்குக் கிடைக்கின்றன? உப்பு நீரில் உள்ளுறுப்பைப் போட்டு, சீல் வைத்து அனுப்புகிறார்கள். பதில் வருவதற்குள் வீட்டில் முதலாம் ஆண்டு நினைவுநாளும் வந்து போய்விடுகிறது.

நம் நாட்டுக்கும் இந்த வித்தை புதிதல்ல. இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849-இல் சென்னையில்தான் ஏற்பட்டது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அதன் பிறகே வந்தது. நூற்றெழுபது ஆண்டுப் பெருமை! ஆனால் மார்த்தாண்டத்துக்காரனுக்கு அந்தப் பெருமை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? வட்டாரத் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் திருநெல்வேலியில்; நூறு கிலோமீட்டருக்கு மேல். தலையில் பலத்த அடிபட்டவனை வீட்டார் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்? மேற்கே, நாற்பது கிலோமீட்டரில் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு. ஆள் மேற்கே போகிறான், கேஸ் கட்டு கிழக்கே போகிறது. 1954 ஆகஸ்ட் 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் காட்டி, 1956 நவம்பர் 1-ந் தேதி தாய்த் தமிழகத்தோடு விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களைச் சேர்த்த மக்கள் இவர்கள். எல்லை மாறிற்று; அவசரத்துக்கு ஓடும் திசை மாறவில்லை. சென்னையில் எந்தக் கட்சி ஆண்டாலும் தென்கோடிக்கு ஒரு சாமான் வந்து சேர்வதற்குள் அது பழசாகிவிடுகிறது.

தாமதம் எப்படிக் கொல்லும் என்பதற்கு நம் கண்ணெதிரே நடந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகிறோம். அது தூக்க மருந்தல்ல, களைக்கொல்லி. ஆனால் பாடம் ஒன்றுதான். 2022 அக்டோபர் 14-ந் தேதி, எல்லைக்கு இந்தப் பக்கத்து வீடு ஒன்றில் கஷாயத்தில் கலந்து கொடுக்கப்பட்ட பாராகுவாட்டைக் குடித்த பாறசாலைப் பக்கத்துக் கல்லூரி மாணவர், 11 நாள் போராடி 25-ந் தேதி திருவனந்தபுரத்தில் இறந்தார். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. வழக்கின் உள்விவகாரங்கள் நமக்கு இங்கே வேண்டாம். பாராகுவாட்டை ஆரம்பத்திலேயே சந்தேகித்தால், சிறுநீரில் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சாயப்பட்டறைத் தோழர்கள் 'ஹைட்ரோஸ்' என்கிறார்களே, அந்தச் சோடியம் டைதயோனைட்டைக் காரம் சேர்த்துச் சிறுநீரில் கலந்தால் நீல நிறம் காட்டும். பெரிய கருவி வேண்டாம், கோடி ரூபாய் வேண்டாம். கேட்கத் தெரிந்த ஒருவரும் ஒரு பாட்டில் ஹைட்ரோஸும் போதும். இப்படிப்பட்ட எளிய பரிசோதனை ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டாமா?

தூக்க மருந்து கலந்த கள்ளின் சேதியும் இதைப் போன்றதே. 2025 ஜூலையில் ஹைதராபாத் கூக்கட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். பலர் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கள்ளின் மாதிரியில் அல்பிரசோலம் கண்டார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள். மரத்தில் இறங்கும் கள் போதாதென்று தண்ணீரை ஊற்றி, போதை குறையாமலிருக்க மாத்திரைத் தூளைப் போடுகிறான் வியாபாரி. குடிக்கிறவனுக்குத் தான் தின்பது மாத்திரை என்பதே தெரியாது. நாள்பட்டால் உடம்பு அதற்கு அடிமையாகிவிடும். 2020-இல் ஊரடங்கின்போது கடைகள் மூடிய நாட்களில், ஹைதராபாத் எர்ரகட்டா மனநல ஆஸ்பத்திரியில் நடுக்கத்தோடும் பிதற்றலோடும் வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். கள் நின்றதால் மட்டும் வந்த கோளாறா அது? கள்ளுக்குள் ஒளிந்திருந்த மருந்தும் நின்றதல்லவா?

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து கள்ளுக்கடைக்குப் போக அரைமணி நேரப் பஸ் பயணம் போதும். எல்லைக்கு அப்பால் கடை திறந்திருக்கிறது. அங்கே கேரளத்துக் கலால் இலாகா கள்ளின் மாதிரியை எடுத்துச் சோதிக்கிறது. பாட்டிலைச் சோதிப்பது சரி. குடித்தவனின் இரத்தத்தை யார் சோதிப்பது? அவன் இந்தப் பக்கம் வந்து ரோட்டில் விழுந்தால், "குடிகாரன் விழுந்து கிடக்கிறான்" என்று தாண்டிப் போகிறோம். நாமும்தான் போகிறோம், போலீசை மட்டும் சொல்லிப் பயனில்லை.

ரயிலில் பிஸ்கட்டிலோ டீயிலோ மயக்க மருந்து கொடுத்துச் சம்பாத்தியத்தைக் கொள்ளையடிக்கும் கதை தோழர்கள் அறிந்ததே. மும்பையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆறுமாதக் கூலியோடு வந்தவன் பெட்டியில் மயங்கிக் கிடப்பான். ஆஸ்பத்திரியில் விழித்து, வீட்டாரைக் கண்டுபிடித்து, புகார் எழுதிக் கொடுப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். லோரசிபாம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 12 மணி நேரம். இரண்டு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்போது எடுக்கும் இரத்தம் யாருக்கு உதவும்? திருடன் தப்புவது ரயில் வேகத்தால் மட்டுமல்ல, முதல் நாள் பத்து மில்லி இரத்தத்தை யாரும் எடுத்து வைக்காததாலும்தான்.

சட்டத்தின் விசித்திரத்தைப் பாருங்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ், அல்பிரசோலம் 5 கிராம் வரை சிறிய அளவு, 100 கிராம் தாண்டினால் வியாபார அளவு என்று கிராம் கணக்கில் அறிவிப்பு இருக்கிறது. பொட்டலத்தை நிறுக்கத் தராசு உண்டு. மனிதனை நிறுக்கத் தராசு இல்லை. இங்கிலாந்தில் 2015 மார்ச் 2-ந் தேதி முதல் இரத்தத்துக்கே எல்லை வகுத்துவிட்டார்கள். ஒரு லிட்டரில் டயசிபாம் 550 மைக்ரோகிராம், லோரசிபாம் 100, குளோனசிபாம் 50. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி சாப்பிட்டு, வண்டியைச் சரியாகவும் ஓட்டினேன் என்று காட்டுகிறவனுக்கு அங்கே எதிர்வாதம் உண்டு. எடுத்த இரத்தத்தில் ஒரு பங்கை டிரைவர் கேட்டு வாங்கி, தான் நம்பும் கூடத்தில் சோதித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 முதல் ரோட்டிலேயே எச்சிலைச் சோதிக்கிறது. அதுகூடக் கஞ்சா போன்றவற்றுக்குத்தான், தூக்க மாத்திரைக்கு அல்ல. பணக்கார நாட்டுக்கும் ரோட்டோரத்தில் இது எளிதில்லை என்பதற்காகச் சொல்லுகிறோம். முதலாளித்துவ நாட்டைப் புகழ்வது நமது வேலையல்ல. அங்கே தொழிற்சங்கமும் வக்கீலும் கேள்வி கேட்டதால் வந்த காப்பு இது.

ஒரு பயமும் நமக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. அளக்கும் கருவி வந்தால், அதையே வேலையிலிருந்து நீக்கும் ஆயுதமாக முதலாளி எடுத்துக்கொள்ள மாட்டானா? எடுப்பான். வேலைக்குச் சேரும்போதே சிறுநீர்ப் பட்டையை நீட்டும் கம்பெனிகள் நாளை மார்த்தாண்டத்துக்கும் வரும். அதற்காக அளவே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அளவு இல்லாத இன்றைக்கு யார் பிழைத்தார்கள்? பதினெட்டு மணி நேரம் தொடர்ச்சியாக வண்டி ஓட்ட வைத்தவன் பிழைத்தான்; தூக்கமில்லாத கண்ணைப் போதைக் கண் என்று காட்டித் தப்பினான். இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தால், பிறகு விசாரணை வேறு திசையில் திரும்பும்: முந்தின நாள் அவன் எப்போது படுத்தான், எத்தனை நடை அடித்தான், இரண்டாவது டிரைவர் ஏன் இல்லை என்று. அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள்.

ஆகவே ஆசாரிப்பள்ளம் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், இரவும் பகலும் இயங்கும் மருந்தளவு ஆய்வுக்கூடம் வேண்டும் என்று கேட்கிறோம். வலிப்பு நோயாளிக்கு மாத்திரையின் அளவைச் சரிசெய்யவும் அதே கருவி பயன்படும். விஷம் குடித்தவரைக் காப்பாற்றவும் அதுவே பயன்படும். போலீசுக்காக மட்டும் கட்டச் சொல்லவில்லை. 185-வது பிரிவில் மருந்துக்கு எண் வேண்டும். எண்ணோடு டாக்டர் சீட்டுக்குக் காப்பும் வேண்டும். இரண்டாவது குப்பி இரத்தம் தொழிலாளியின் உரிமையாக வேண்டும்.

அதுவரை சங்கக் கிளைச் செயலாளர்கள் கையிலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. தோழர் ஒருவர் விபத்தில் அடிபட்டோ, மயங்கியோ, பிடிபட்டோ ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த மணி நேரத்திலேயே டியூட்டி டாக்டரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் 204-வது பிரிவு இரத்தப் பரிசோதனையைச் சொல்லுகிறது, இரத்தம் எடுத்து வையுங்கள் என்று. சோடியம் புளோரைடு போட்ட குப்பியில் எடுத்தார்களா, சீல் வைத்தார்களா, எடுத்த மணி நிமிஷத்தை எழுதினார்களா என்று பாருங்கள். தோழர் வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை வீட்டாரிடம் கேட்டு, டாக்டர் சீட்டின் நகலைக் கேஸ் தாளோடு சேருங்கள். ஊதிய கருவி என்ன எண் காட்டிற்று என்பதையும், சைபரானாலும், குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த மனுவின் நகலில் ஆஸ்பத்திரி முத்திரை வாங்க மறக்காதீர்கள். குழித்துறை கோர்ட்டில் மேஸ்திரி சாட்சி சொல்ல வரும் நாளில் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.